திரைப்படத் தட்டுகளின் மறைவு

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஓர் அஞ்சல் வாணிகம் முடிவுக்கு வந்தது. நெட்பிளிக்ஸ் நிறுவனம் சிவப்பு உறையிலிட்டு வாடகைக்கு அனுப்பி வந்த டி.வி.டி. தட்டுகளின் கடைசிக் கட்டு அன்று தபாலில் சேர்ந்தது. 1998இல் ‘பீட்டில்ஜூஸ்’ என்னும் படத்தின் தட்டோடு தொடங்கிய அச்சேவை, இருபத்தைந்து ஆண்டுகளில் 520 கோடிக்கும் மேற்பட்ட தட்டுகளை வீடுகளுக்கு அனுப்பியிருந்தது. இறுதியில் வாடிக்கையாளர் கையில் தங்கிய தட்டுகளைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. நெட்பிளிக்ஸ் என்றதும் கைப்பேசியில் தோன்றும் சிவப்பு எழுத்தை மட்டுமே நினைக்கும் நமக்கு, அது தபால் உறையில் பிறந்த நிறுவனம் என்பதே புதிய செய்தியாக இருக்கலாம்.

பழைய கருவி போய்ப் புதிய கருவி வருவது உலக இயற்கை. கிராமபோன் போயிற்று, ஒலிநாடா போயிற்று, வி.சி.ஆர். போயிற்று. அவ்வரிசையில் படத்தட்டும் சேர்கிறது, இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் முன்னைய மாற்றங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிராமபோன் தட்டு போனபோது அதன் இடத்தில் ஒலிநாடா நம் கைக்கு வந்தது. நாடா போனபோது தட்டு நம் கைக்கு வந்தது. தட்டு போகும்போதோ, நம் கைக்கு வருவது ஒன்றுமில்லை. படம் நம்மிடம் வருவதில்லை. நாம்தான் படம் இருக்கும் இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். இவ்வேறுபாட்டால் விளைவது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முதலில் தட்டு என்பது எத்தகைய பொருள் என்று அறிய வேண்டும். இயற்பியல் மாணவன் ஆதலின் இப்பகுதியில் சற்று நின்று பேசுவேன்; கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

எல்லாத் தட்டுகளும் 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பாலிகார்பனேட் வட்டங்களே. அவற்றுள் ஒரு மெல்லிய அலுமினியப் படலமும், அதில் உள்ளிருந்து வெளியே சுழன்று செல்லும் ஒரு தடமும் உள்ளன. தடம் முழுவதும் நுண்ணிய குழிகள். குழியின் ஆழம், அந்தப் பிளாஸ்டிக்கினுள் செல்லும் லேசர் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. குழிக்குள் சென்று மீளும் ஒளி, மேட்டில் பட்டு மீளும் ஒளியைவிட அரை அலை பின்தங்கும். இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழிக்க, அவ்விடம் மங்கலாகத் தெரியும். குழியென்றால் ஒன்று, மேடென்றால் சுழி என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. குழி தொடங்கும் விளிம்பும் முடியும் விளிம்பும்தான் ஒன்றைக் குறிக்கும். மாற்றமில்லாத இடமெல்லாம் சுழி.

இனி, ஒரே அளவுள்ள வட்டத்தில் எத்துணைச் செய்தி அடங்கும் என்பதை முடிவு செய்வது லேசர்ப் புள்ளியின் பருமன். ஒளியை எவ்வளவு சிறந்த வில்லையால் குவித்தாலும், அதன் அலைநீளத்துக்குக் கட்டுப்பட்ட ஓர் அளவுக்குக் கீழே புள்ளியைச் சுருக்க முடியாது. 1982இல் வந்த சி.டி., 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரால் படிக்கப்பட்டது. அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. 1996இல் ஜப்பானில் வெளிவந்த டி.வி.டி. 650 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் கொண்டது, இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். 2006இல் வந்த புளூ-ரே 405 நானோமீட்டர் நீலஊதா லேசரைக் கொண்டது, இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர். கொள்ளளவு சி.டி.யில் சுமார் 700 மெகாபைட், டி.வி.டி.யில் ஓரடுக்குக்கு 4.7 ஜிகாபைட், புளூ-ரேயில் ஓரடுக்குக்கு 25 ஜிகாபைட். அலைநீளத்தையும் வில்லையின் குவிதிறனையும் வைத்துக் கணக்கிட்டால், சி.டி.யின் புள்ளியைவிடப் புளூ-ரேயின் புள்ளி பரப்பளவில் பதின்மூன்று மடங்கு சிறியது. ஆனால் கொள்ளளவோ முப்பத்தைந்து மடங்கு பெருகியிருக்கிறது. எஞ்சிய ஆதாயம் செய்தியைக் குறியீடாக எழுதும் முறையைச் செம்மைப்படுத்தியதால் வந்தது. அந்த நீலஊதா ஒளியைக் காலியம் நைட்ரைடு என்னும் குறைகடத்தியிலிருந்து வரவழைக்கப் பல்லாண்டு உழைப்பு தேவைப்பட்டது. அதே பொருளிலிருந்து நீல ஒளி டயோடை உருவாக்கிய அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெளிநாட்டுப் பாட நூல்களில் சி.டி.யிலிருந்து நேரே டி.வி.டி.க்குத் தாவிவிடுவார்கள். நம் நாட்டின் கதை வேறு. 1993இல் வந்த வி.சி.டி., சி.டி.யின் கொள்ளளவிலேயே படத்தையும் அடக்கியது. ஒரு தட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் தமிழ்ப் படம் ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள் தேவைப்பட்டன. படத்தின் தெளிவு மிகச் சுமார். இருந்தும் ஆசியா முழுவதும் அதுவே ஏழையின் திரையரங்கு ஆயிற்று. நான் நாகபுரியில் வளர்ந்தவன். கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் தமிழ்க் குடும்பங்களின் மூட்டையில் ஊறுகாய்ச் சாடியோடு ஒரு தட்டுக் கட்டும் வரும். அது வீடு வீடாகச் சுற்றி, கீறல் விழுந்து, கடைசியில் சண்டைக்காட்சியில் வந்து நின்றுவிடும்.

இவ்வாணிகத்தில் நமக்கு அருகிலேயே ஒரு வரலாறு உண்டு. யமுனையைக் கடந்து நொய்டாவுக்குச் சென்றால், உலகின் மிகப் பெரிய தட்டுத் தயாரிப்பாளர்களுள் ஒன்றாக விளங்கிய மோசர் பேயர் நிறுவனத்தின் இடம் அங்கே இருந்தது. அந்நிறுவனம் 2007இல் திரைப்படத் தட்டு விற்பனையில் இறங்கி, வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விலை வைத்தது. திருட்டுத் தட்டின் விலையிலேயே நேர்மையான தட்டைக் கொடுத்தால் மக்கள் நேர்மையானதையே வாங்குவர் என்பது அவர்கள் கணக்கு. அக்காலத்தில் திருட்டு வி.சி.டி. தமிழ்த் திரையுலகை எவ்வளவு வாட்டியது என்பதற்கு, 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தையே தமிழ்நாடு அரசு திருத்தித் திருட்டு வீடியோக்காரரையும் அதில் சேர்த்தது சான்று. மலிவு விலைக் கணக்கு சில ஆண்டுகள் பலித்தது. பின்னர்த் தட்டுக்கே தேவை குன்ற, கடன் மிகுந்து, 2018இல் அந்நிறுவனத்தைக் கலைத்துவிடத் தீர்ப்பாயம் ஆணையிட்டது.

அமெரிக்காவில் வீழ்ச்சி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2000க்குப் பிந்தைய பத்தாண்டின் நடுவில் அங்கே ஆண்டொன்றுக்கு 1,500 கோடி டாலருக்கு மேல் படத்தட்டுகள் விற்றன. 2024இல் அது 100 கோடி டாலருக்கும் கீழே இறங்கிற்று. ஒன்பதாயிரம் கடைகள் வைத்திருந்த பிளாக்பஸ்டர் வாடகை நிறுவனம் 2010இல் திவாலாயிற்று. தட்டியக்கும் கருவிகள் செய்வதை ஒப்போ 2018இலும் எல்.ஜி. 2024இலும் கைவிட்டன. பெஸ்ட் பை என்னும் பெருங்கடை 2024 தொடக்கத்தில் படத்தட்டு விற்பதை நிறுத்தியது. மடிக்கணினிகளில் தட்டு செருகும் வாய் காணாமற்போய் வெகுநாளாகிறது. நம் விடுதியில் புதுமுக மாணவர் எவரிடமும் அத்தகைய கணினி இல்லை.

நிற்க. ஓ.டி.டி. என்று நாம் வழங்கும் இணையக் காட்சி எவ்வாறு வந்து சேருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். படம் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் ஆக்கப்பட்டு, இணையச் சேவையாளரின் கட்டடங்களிலேயே வைத்த சேமிப்புக் கணினிகளில் நிரப்பப்படுகிறது. நம் இணைப்பு வேகமாக இருந்தால் உயர்தரத் துண்டு வரும். இரவு பத்து மணிக்கு விடுதி முழுவதும் ஒரே வேளையில் படம் பார்க்க உட்கார்ந்தால் கடைத்தரத் துண்டு வரும். 4கே காட்சிக்கு நெட்பிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் விநாடிக்கு 15 மெகாபிட். அவ்வேகம் முழுவதையும் இரண்டு மணி நேரப் படத்துக்கே செலவிட்டாலும் 13.5 ஜிகாபைட்டுக்கு மேல் வாராது. அதே படத்தின் 4கே தட்டில் 66 அல்லது 100 ஜிகாபைட் இடமுண்டு. இருட்டுக் காட்சியிலும் புகைமூட்டத்திலும் வானத்திலும் பட்டை பட்டையாக நிறம் பிரிந்து தெரிவதைக் கண்டிருப்பீர்கள்; சுருக்கியதன் வடு அது.

ஆயினும் தரத்தை நான் பெரிய வழக்காக எடுக்கவில்லை. இணைய வேகம் ஆண்டுதோறும் கூடுகிறது. அக்குறை ஒருநாள் தீரும். முக்கியமான வேறுபாடு பூட்டில் இருக்கிறது. டி.வி.டி.யிலும் பூட்டு உண்டு; மண்டலக் குறியீடும் உண்டு. இந்தியா ஐந்தாம் மண்டலம், அமெரிக்கா முதல் மண்டலம். அங்கே வாங்கிய தட்டு இங்குள்ள கருவியில் ஓடாமற்போகலாம். எனவே தட்டு முழு விடுதலை பெற்ற பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பூட்டைத் திறக்கும் சாவி, தட்டிலும் கருவியிலுமாக நம் வீட்டிலேயே இருக்கிறது. ஓ.டி.டி.யில் பூட்டிய பெட்டி நம்மிடம் வந்தாலும் சாவி வழங்குவது நிறுவனத்தின் கணினி. விமானத்தில் பார்க்கலாம் என்று கைப்பேசியில் இறக்கி வைத்த படம், கெடு முடிந்ததும் திறக்க மறுப்பதைக் கவனித்திருப்பீர்கள். கோப்பு அங்கேதான் இருந்திருக்கும், சாவிதான் செத்துவிட்டது.

இது சட்டத்தில் ஒரு பழைய கொள்கையைத் தொடுகிறது. அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று ‘தி காஸ்ட்அவே’ என்னும் நாவலில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று எச்சரிக்கை அச்சிட்டு வெளியிட்டது. மேசி என்னும் பெருங்கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால் அப்பிரதியின்மேல் பதிப்பாளருக்கு உள்ள கட்டுப்பாடு முடிந்தது என்று 1908இல் தீர்ப்பாயிற்று. பழைய புத்தகக் கடை, இரவல் நூலகம், நெட்பிளிக்ஸின் சிவப்பு உறை ஆகிய யாவும் அந்நாட்டில் இக்கொள்கையின் நிழலில் வளர்ந்தவையே. நெட்பிளிக்ஸ் தட்டுகளை வாங்கி வாடகைக்கு விட எந்தப் படமுதலாளியின் அனுமதியும் தேவைப்படவில்லை. ஓ.டி.டி.யில் விற்பனையே இல்லை; உரிமம் மட்டும் உண்டு. ‘வாங்கு’ என்னும் பொத்தானை அழுத்திப் பணம் கட்டியவருக்கும் கிடைப்பது உரிமம்தான். உரிமத்தை ‘வாங்கு’ என்னும் சொல்லால் விற்பவர் அது உரிமமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

சொல்லைத் திருத்தியதும் நிலைமை திருந்திவிடாது. 2009இல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ நூலின் ஒரு பதிப்பை வாசகரின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்பியது, புத்தகம் போனது போனதுதான். 2023 மே மாதத்தில் டிஸ்னி பிளஸ் வெளியிட்ட ‘கிரேட்டர்’ என்னும் படம், ஏழு வாரங்களில் அந்தத் தளத்திலிருந்தே நீக்கப்பட்டது. இத்தனைக்கும் அது டிஸ்னியின் சொந்தப் படம். 2024 ஏப்ரலில் பனிமேஷன் என்னும் ஜப்பானியக் கேலிப்படத் தளம் மூடப்பட்டபோது நடந்தது இன்னும் படிப்பினைக்குரியது. தட்டு வாங்கியவர்கள், அதனோடு வந்த குறியீட்டைப் பதிந்து இணையத்திலும் ஒரு பிரதி பெற்றிருந்தனர். தளத்தோடு அந்த இணையப் பிரதிகள் மறைந்தன. அலமாரியில் இருந்த தட்டுகள் அப்படியே இருந்தன.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டும் உண்டு. தணிக்கைச் சான்று பெற்று 2023 டிசம்பரில் திரையரங்குகளில் ஓடிய ‘அன்னபூரணி’ என்னும் தமிழ்ப்படம், எதிர்ப்பு எழுந்ததன் பேரில் 2024 சனவரியில் நெட்பிளிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டது. அப்படத்தை ஆதரிப்பதோ மறுப்பதோ இங்கு நம் வேலையன்று. ஆயிரம் வீடுகளில் தட்டாகப் பரவிவிட்ட படத்தை ஒரே இரவில் எவராலும் திரும்ப எடுக்க இயலாது. ஓரிடத்தில் இருக்கும் படத்தை எடுக்க ஒரு விரல் போதும். கவனிக்க வேண்டியது அவ்வளவே.

பிரதிகள் பல கைகளில் இருப்பதன் பெருமையைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார் என்றால், அவர் கையில் கிடைத்தது ஓர் அரண்மனை நூலகத்தின் ஒற்றைப் பிரதியன்று. ஊர் ஊராகப் பல வீடுகளிலும் மடங்களிலும் கிடந்த ஏடுகளைத் தேடி, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றால் நிரப்பினார். அவ்வேடுகளை வைத்திருந்தோர் பலர் அவற்றின் அருமை அறியாதவர்கள். அறியாவிட்டாலும் வைத்திருந்தார்கள், அது போதுமானதாயிற்று. நம் திரைப்படங்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. தென்னாட்டின் முதல் ஊமைப்படமான ‘கீசக வதம்’ இல்லை; 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இல்லை. பிரதிகள் சில, அவையும் வாணிகர் கையில், ஓட்டம் முடிந்ததும் அவற்றைக் காத்துவைப்பார் இல்லை.

மாறாக, பிரதிகள் பரவியிருந்ததால் பிழைத்ததற்கும் உதாரணம் உண்டு. சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் கருகின. எரிந்தவற்றில் மிஞ்சிய பகுதிகளையும், வேறு நாடுகளின் காப்பகங்களில் இருந்த பிரதிகளையும் சேர்த்துப் படங்களை மீட்டனர். 2015இல் அவை மீண்டும் திரைக்கும், புளூ-ரே தட்டாக வீடுகளுக்கும் வந்தன.

தட்டுக்கும் மூப்பு உண்டு என்பதை மறைக்கலாகாது. அடுக்குகளை ஒட்டும் பசை கெட்டாலோ, காற்று புகுந்தாலோ அலுமினியப் படலம் அரிக்கப்படும். வார்னர் நிறுவனம் 2006 முதல் 2008 வரை வெளியிட்ட டி.வி.டி.களில் ஒரு பகுதி இவ்வாறு கெட்டுப்போவதை 2025இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, மாற்றுத் தட்டு தர முன்வந்தது. உரிமை முடிந்துபோன படங்களுக்கு வேறு படம்தான் கிடைத்தது. ஓலையும் செல்லரித்ததுதான். செல்லரிக்கு முன் மறுபடி எடுத்தெழுதியதால் நூல் நின்றது.

தனி மனிதர் இதில் செய்யக்கூடியது சிறிதே. அரசு செய்யக்கூடியது பெரிது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும், கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு பொது நூலகங்களுக்கு அளிக்கப்பட வேண்டும். அச்சட்டத்தில் திரைப்படத்துக்கு இடமில்லை. 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகம் தன்னால் இயன்றதைத் திரட்டிவந்தது; ஆனால் ஓ.டி.டி.க்கென்றே எடுக்கப்பட்டுத் திரையரங்கையும் தட்டையும் காணாத படம் ஒன்று, அதன் முதலாளியின் கணினியில் மட்டுமே வாழ்கிறது. அப்படமும் ஒரு பிரதி பொதுக் காப்பகத்துக்கு வந்தாக வேண்டும் என்று சட்டம் அமைவது முறை என்பது என் கருத்து.

ஓ.டி.டி.யைத் திட்டுவதாக நண்பர்கள் எண்ண வேண்டா. ஊறுகாய்ச் சாடியோடு வரும் தட்டுக்காக ஓராண்டு காத்திருந்தவனுக்கு, தில்லியில் உட்கார்ந்து ஆங்கில எழுத்தோடு தமிழ்ப்படத்தை வங்காளி நண்பனுக்குக் காட்டும் வசதி எத்துணைப் பெரிது என்பது தெரியும். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. வீட்டில் கிடக்கும் தட்டுகளைப் பழைய பொருள்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அவற்றை வைத்துக்கொள்ளும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தட்டுகளைப் புத்தகம்போல் நிமிர்த்தி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கலாகாது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். தட்டில் செய்தி சிதறலாக எழுதப்பட்டிருப்பதால் தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறலைக் கருவி தானே கணக்கிட்டு ஈடுசெய்துகொள்ளும். தடத்தின் வழியே நீண்டு செல்லும் கீறலை ஈடுசெய்ய அதனால் இயலாது. வி.சி.டி.யில் படப்பெயர் அச்சிட்ட மேற்பக்கத்தைக் கூடுதலாகப் பேண வேண்டும். அலுமினியப் படலம் அந்த அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. டி.வி.டி.யில் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அவ்வளவு அச்சமில்லை.

கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்று என்னிடம் இருக்கிறது. தீபாவளிக்கு ஊர் செல்லும் மன்ற நண்பர்கள், வீட்டு அலமாரியில் தமிழ்ப் படத்தட்டுகள் கிடந்தால் எடுத்து வாருங்கள். எவை இன்னும் ஓடுகின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்த்துவிடலாம்.